மார்கழிக் குளிரும் 365 படிகளும்

டிசம்பர் மாதம். காலை ஐந்து மணி. அலாரம் அடிக்கிறது. நேற்று ராத்திரி அதை வைத்தவர் நீங்கள்தான். இப்போது அதன் தலையில் தட்டி அடக்குகிறவரும் நீங்கள்தான்! தீபாவளிக்கு வாங்கிய வாக்கிங் ஷூ மண் படாமல் கட்டிலுக்கடியில் பளபளவென்று இருக்கிறது. 'நாளையிலேர்ந்து கண்டிப்பா...' என்று முனகிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சுகர், கொலஸ்ட்ரால் எண்களெல்லாம் போர்வைக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கின்றன.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்க் குளிரைப் பற்றிக் கனடாவில் இருக்கிற மச்சானிடம் சொன்னால் சிரிப்பார்தான். அங்கே மைனஸ் இருபது. இங்கே பிளஸ் இருபதுக்குக் கொஞ்சம் கீழே போனாலே குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் பரணிலிருந்து இறங்கிவிடும். ஆனால் உடம்பு தெர்மாமீட்டரைப் பார்த்து நடுங்குவதில்லை. பழகியது எது, இப்போது இருப்பது எது என்ற வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டி வறுபட்ட தோலுக்குப் பதினெட்டு டிகிரி நிஜமாகவே குளிர்தான்.

போதாததற்கு இருட்டு வேறு. ஒரு சின்ன வானவியல் சமாச்சாரம் சொல்கிறேன். வருஷத்தின் மிக நீளமான இரவு டிசம்பர் 21, 22 வாக்கில் வந்து போய்விடும். 'அப்பாடா, இனிமேல் சீக்கிரம் விடியும்' என்று நினைப்போம். கிடையாது! நம் ஊர்களில் சூரியன் ஆகத் தாமதமாக எழுந்திருப்பது ஜனவரி மூன்றாவது வாரத்தில்தான். டிசம்பர் கடைசியிலிருந்து பகல் நீளுவது உண்மை. ஆனால் நீளுகிற நிமிஷமெல்லாம் சாயந்தரத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆக, 'ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து வாக்கிங்' என்று சபதம் போடுகிறவர், விடிவது இன்னும் தள்ளிக்கொண்டே போகிற மூன்று வாரத்தைத் தேடிப் பிடித்து அதில் சபதம் போடுகிறார். அது பொங்கலுக்குள் புஸ்ஸென்று போவதில் ஆச்சரியமில்லை.

இப்போது, அதே ஜனவரி ஒண்ணாம் தேதிக்கு முந்தின ராத்திரி, ஆயிரக்கணக்கான பேர் போர்வையை உதறிவிட்டு வந்து 365 படி ஏறுகிற ஊருக்குப் போகலாம், வாருங்கள்.

திருத்தணி. சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பூக்காரம்மா தமிழில் விலை சொல்வார், தெலுங்கில் பேரம் பேசினாலும் அசராமல் பதில் சொல்வார். கோடையில் வெயில் பட்டியலில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர் இது. மார்கழியில் ஆளே மாறிவிடும். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம் விடியற்காலையில் நின்றால் பனி காதுக்குள் புகுந்து பல்லைத் தொடும். மலைமேல் முருகன். சூரனோடும் வேடர்களோடும் நடந்த சண்டைகள் முடிந்து, கோபம் தணிந்து உட்கார்ந்த இடம் என்பதால் 'தணிகை' என்று தலபுராணம் சொல்கிறது. மற்ற முருகன் கோயில்கள் அமர்க்களப்படும் சூரசம்ஹாரம், இதனாலேயே இங்கே கிடையாது.

மேலே போக இப்போது நல்ல தார் ரோடு இருக்கிறது. வண்டியில் அஞ்சு நிமிஷத்தில் ஏறிவிடலாம். ஆனால் டிசம்பர் 31 அன்று ஜனம் படிக்குத்தான் வரும். வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி, அப்புறம்தான் அடுத்த படி. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மாமிகள், சாமியார்கள், காலேஜ் பையன்கள், ஜால்ராவும் ஆர்மோனியமுமாக பஜனை கோஷ்டிகள். ஆபீஸில் இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் போகாத ஆசாமியும் அந்தக் கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். நள்ளிரவு பன்னிரண்டுக்கு மேலே சந்நிதியில் விசேஷ பூஜை. இதற்குப் பெயர் திருப்படித் திருவிழா.

பல நூற்றாண்டுப் பழக்கம் போலத் தோன்றுகிறது, இல்லையா? இல்லை. இதற்குப் பிறந்த தேதி உண்டு. 1917 டிசம்பர் 31.

அந்தக் காலத்து ஜனவரி ஒண்ணாம் தேதியைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். நமக்கு வருஷப் பிறப்பு சித்திரையில். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு யுகாதி. ஜனவரி ஒண்ணு துரைகளின் வருஷப் பிறப்பு. ஆனால் அன்றைக்கு விடியற்காலையில் குளித்து, தலைப்பாகை கட்டி, அல்பாகா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் ஆட்கள்! கலெக்டர் பங்களா, ஜட்ஜ் பங்களா வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வரிசை. வசதியானவர்கள் தட்டுத் தட்டாகப் பழம், கேக் என்று அனுப்புவார்கள். அதற்கு 'டாலி' என்று பெயர். துரை எப்போது வெளியே வருவார் என்று தெரியாது. வராமலும் போகலாம். ராவ்பகதூர், ராவ்சாகிப் பட்டங்கள் அறிவிக்கப்படுகிற நாளும் ஜனவரி ஒண்ணுதான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், அந்த எலுமிச்சம்பழத்தின் எடை புரியும்.

கவனியுங்கள். குளிரில் எழுந்திருக்க அவர்களுக்கு யாரும் மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கவில்லை. போகாவிட்டால் துரை கவனித்துவிடுவார் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

இதைப் பார்த்து மனசு கசந்தவர் ஒரு முன்னாள் சமையல்காரர். பிற்காலத்தில் வள்ளிமலை சுவாமிகள் என்று அறியப்பட்ட சச்சிதானந்த சுவாமிகள். கொங்கு நாட்டில் 1870-ல் பிறந்தவர். இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனைச் சமையலறையில் வேலை பார்த்தவர். தீராத வயிற்று வலி. வைத்தியம் எல்லாம் பார்த்துத் தோற்று, 1908-ல் பழனிக்கு வந்து சேர்ந்தார். முருகனின் அபிஷேகத் தீர்த்தத்தையும் பிரசாதத்தையும் சாப்பிட்டு வலி நின்றது என்பது அவர் வரலாறு சொல்லும் செய்தி. அங்கேதான், சந்நிதியில் ஒரு நடனப் பெண்மணி பாடி ஆடிய திருப்புகழ்ப் பாட்டு அவர் காதில் விழுந்தது. ஆளைப் பிடித்துக்கொண்டது! கிட்டத்தட்ட நாற்பது வயது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பாட்டுக்காகவே அட்சரம் அட்சரமாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். ('இந்த வயசுக்கு மேலே இனி என்ன எக்சர்சைஸ்' என்கிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.) அப்புறம் துறவு, ஊர் ஊராக யாத்திரை, திருவண்ணாமலையில் ரமணர், சேஷாத்ரி சுவாமிகள் சந்திப்பு... கடைசியில் 1916 வாக்கில் வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையில் போய் உட்கார்ந்தார்.

அவர் கற்றுக்கொள்ளப் புத்தகம் இருந்தது என்பதே ஒரு தனிக் கதை. அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டு. அவர் பாட்டுகள் ஓலைச்சுவடிகளாக மூலைக்கு மூலை சிதறிக் கிடந்தன. 1871-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வேலையாக இருந்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்டியதைப் பார்த்தார். சொக்கிப்போனார். கோர்ட் கட்டிலிருந்து ஒரு இலக்கியம் மீண்ட அதிசயம் இது! அதற்குப் பிறகு அந்த மனிதர் ஊர் ஊராகச் சுவடி தேடினார். பிற்பாடு முன்சீப்பாக உயர்ந்தும் தேடலை விடவில்லை. 1890-களில் முதல் தொகுதியும், 1901-ல் இரண்டாம் தொகுதியும் அச்சாயின. அவருடைய மகன்தான் 'தணிகைமணி' வ.சு.செங்கல்வராய பிள்ளை. இன்று கிடைக்கிற திருப்புகழ்ப் பாட்டுகள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். அந்த அச்சுப் புத்தகங்கள் வந்திராவிட்டால் 365 படிக்குப் பாட்டுக்கு எங்கே போவது?

சரி, 1917-க்கு வருவோம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. திருத்தணி அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. சுவாமிகள் சொன்னதன் சாரம் இதுதான்: துரைக்குத் துரை தணிகைத் துரை இங்கே இருக்கும்போது, நீங்கள் ஏன் அந்தத் துரை வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்? புது வருஷ வாழ்த்து சொல்லியே தீரணும் என்றால் இங்கே வந்து சொல்லுங்கள்!

ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை, போலீஸுக்கு வேலை இல்லை. ஜனவரி ஒண்ணு எப்படியும் சர்க்கார் ஆபீஸுக்கு விடுமுறை. மெட்ராஸிலிருந்து அரக்கோணம் வழியாக ரயில் இருக்கிறது. முந்தின நாள் கிளம்பி வந்து ராத்திரி படி ஏறிவிட்டால், மறுநாள் காலையில் துரை பங்களாவில் இருக்க முடியாது. அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இவ்வளவு மென்மையான ஒத்துழையாமை வேறு கிடையாது. காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

அதோடு அவர் மனுஷ உடம்பையும் நன்றாகத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும். படி ஏறுவது லேசுப்பட்ட வேலை அல்ல. சமதரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். 365 படியை ஒரே மூச்சில் ஏறு என்றால் பாதிப் பேர் அறுபதாவது படியில் தூணைக் கட்டிக்கொள்வார்கள். இங்கே என்ன நடக்கிறது? ஒரு படி, ஒரு பாட்டு. பாட்டு முடிகிறவரை கால் ஓய்வெடுக்கிறது, மூச்சு வேலை செய்கிறது. திருப்புகழின் சந்தம் சாதாரணமானதில்லை. வல்லினமும் மெல்லினமும் குதிரைக் குளம்பு மாதிரி ஓடும். மூச்சை அளந்து விடத் தெரியாதவர் இரண்டாவது அடியில் தடுக்கி விழுவார். உடற்பயிற்சி அளவாக இருக்கிறதா என்று பார்க்க இன்றைய டாக்டர்கள் ஒரு சுலபமான சோதனை சொல்கிறார்கள். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை, பேசவே முடியாவிட்டால் ஜாஸ்தி. படித் திருவிழாக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. பாடும்போது ஏறுவதில்லை, ஏறும்போது பாடுவதில்லை!

ஒரு பாட்டுக்கு மூன்று நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 365 பாட்டுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் முழுக் கணக்கோடு பாடுகிற கோஷ்டிகள் பகலிலேயே அடிவாரத்தில் ஆரம்பித்துவிடுகின்றன. முந்நூற்று அறுபத்தைந்து என்ற எண் தொண்டையை அடைக்கும். ஆனால் எந்த நேரத்திலும் உங்கள் முன்னால் இருப்பது ஒரே ஒரு படி. நடுவில் 'போதும்ப்பா' என்று இறங்கிவிடலாமா என்றால், பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், முன்னால் ஒரு பாட்டி போய்க்கொண்டிருக்கிறார். எந்த முகத்தோடு இறங்குவீர்கள்?

(இதே படிகளில்தான் முத்துசுவாமி தீட்சிதர் வாயில் ஒரு முதியவர் கற்கண்டைப் போட, அவருடைய முதல் கிருதி பிறந்தது என்று சங்கீத உலகம் சொல்லிக்கொள்கிறது. கற்கண்டு கிடைக்கும் என்றால் நானும் தினம் ஏறத் தயார்.)

சுவாமிகளுக்கு 'எக்சர்சைஸ்' நோக்கம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அபத்தம். அவர் கவலை பக்தியும் மானமும்தான். ஆனால் குளிர்காலத்தில் சோம்பிப்போன உடம்புகளை எப்படி அசைப்பது என்ற அதே பிரச்னையை, உடற்பயிற்சியையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் உலகத்தின் இன்னொரு மூலையில் சந்தித்திருக்கிறார். அவர் கண்டுபிடித்த விடை திருத்தணி விடைக்குத் தூரத்துச் சொந்தம் என்பதுதான் வேடிக்கை.

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி கொட்டுகிறது. ஃபுட்பால் சீசன் முடிந்துவிட்டது, பேஸ்பால் வசந்தத்தில்தான். நடுவில் உள்ள மாதங்களில் பையன்கள் ஜிம்முக்குள் தண்டால், கர்லா மாதிரி டிரில் செய்தாக வேண்டும். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு மட்டும் மசியவே இல்லை. இரண்டு வாத்தியார்கள் கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக மாட்டியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற முப்பது வயதுக் கனடாக்காரர். மேலதிகாரி லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த கெடு பதினாலு நாள். அதற்குள் இவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்!

பதிமூன்று நாள் தோல்வி. வெளி விளையாட்டுகளை உள்ளே கொண்டுவந்து பார்த்தார். ஜன்னலும் முழங்காலும் உடைவதாக இருந்தது. கடைசியில் துப்புரவுப் பணியாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவர் பெட்டி இல்லை என்று பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்தார். பத்தடி உயரத்தில் பால்கனிக் கம்பியில் கூடைகளை அறைந்து, பதிமூன்று விதிகளை டைப் அடித்துச் சுவரில் ஒட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். டிசம்பர் 21. பேஸ்கட்பால் பிறந்த கதை இதுதான். அன்று மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது. விழுந்த பந்தை எடுக்க ஏணி போட வேண்டியிருந்தது! ஆனால் டிரில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பையன்கள், ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் முறைத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோல்யோக்கில் வில்லியம் மார்கன் என்பவர் 'பேஸ்கட்பால் எனக்கு ரொம்ப வேகம்' என்று மூச்சு வாங்கிய நடுத்தர வயது வியாபாரிகளுக்காக இன்னொரு உள்ளரங்க ஆட்டம் அமைத்தார். நம் கிராமத்துத் திடல்களில் சாயந்தரம் வலை கட்டி ஆடுகிறார்களே, வாலிபால், அதுதான்! தொப்பைக்காரர்களுக்குப் பிறந்த ஆட்டம் நம் ஊரில் வாலிபர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தார். 1920-ல் அவர் ஆரம்பித்ததுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி. இன்று நந்தனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்கள் எத்தனையோ பேருக்கு அது தாய்வீடு. ஆக, மெட்ராஸில் பக் துரை விஞ்ஞான ரீதியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது, எண்பது கிலோமீட்டர் தள்ளித் திருத்தணியில் படித் திருவிழாவுக்கு மூன்று வயது. இவருக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜப்பான்காரர்கள் வழி வேறு. அவர்களுடைய ஜூடோ, கெண்டோ பள்ளிகளில் 'கன்கெய்கோ' என்று ஒன்று உண்டு. 'கன்' என்றால் கடுங்குளிர், 'கெய்கோ' என்றால் பயிற்சி. ஜனவரியில், வருஷத்திலேயே குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களாகப் பார்த்து, விடிவதற்கு முன்னால், தினம் தவறாமல் வரணும். முழுக்க வந்தவருக்குச் சான்றிதழ். குளிர் என்பது லீவு போடக் காரணம் இல்லை, அதுதான் பாடமே என்கிற பிடிவாதம்.

நம் மார்கழியும் கிட்டத்தட்ட அதுதானே? முப்பது நாள், விடியுமுன் குளியல், தெருவைச் சுற்றி பஜனை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் பல பத்தாண்டுகள் மார்கழி பஜனை நடத்தினார். அவர் பின்னால் நடந்தவர்களில் எவரும் 'நான் ஒன்றரை கிலோமீட்டர் வாக்கிங் போனேன்' என்று டைரியில் எழுதியிருக்க மாட்டார். பாட்டு கேட்கப் போனார்கள். கால் தன்பாட்டுக்கு நடந்தது. இன்னும் உண்மையைச் சொல்வதானால், கடைசியில் தொன்னையில் விழும் சூடான வெண்பொங்கலுக்காகவும் போனார்கள். நெய் ஒழுகும் அந்தப் பொங்கல் நடந்த நடையை எல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம்!

படி ஏறுவது உடம்புக்கு நிஜமாகவே நல்லதா, இல்லை நாமாகச் சொல்லிக்கொள்கிறோமா? இதற்கு விடை கிடைத்தது குளிருக்குப் பேர்போன லண்டனில், அதுவும் பஸ்ஸில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நலக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அங்கே மாடி பஸ். டிரைவர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். நாளுக்கு 500-லிருந்து 750 படி. நம் கணக்கில் தினம் ஒன்றரைத் திருத்தணி, இரண்டு திருத்தணி! இருவரும் ஒரே பஸ், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே குளிர். ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் கணிசமாகக் குறைவு. வந்தாலும் டிரைவர்களுக்கு வந்த அளவு உயிரைப் பறிக்கவில்லை. 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்த இந்த ஆய்வுதான், உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை முதன்முதலாக எண்களில் காட்டியது என்பார்கள்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அந்தக் கண்டக்டர்களில் ஒருவர்கூட உடற்பயிற்சி செய்வதாக நினைக்கவில்லை. ஜனவரி காலையில் 'இன்னிக்கு ரொம்பக் குளிருது, மாடிக்குப் போகலை' என்று சொல்ல முடியாது. மேலே டிக்கெட் எடுக்காதவன் உட்கார்ந்திருக்கிறான்! மன உறுதி என்ற சரக்கு அங்கே தேவையே படவில்லை. ஜெரி மாரிஸ் தன் ஆராய்ச்சியைத் தானே நம்பியவர். வயசான காலத்திலும் நீச்சலை விடவில்லை. 2009-ல் அவர் காலமானபோது வயது 99.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, பத்து வருஷமாகச் சோபாவை விட்டு எழுந்திராதவர் திடீரென்று திருத்தணி அடிவாரத்தில் போய்க் குதிக்க வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர்கள் விடியற்காலைக் குளிரில் தடாலடியாக எதையும் தொடங்கக் கூடாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கைகால் அசைத்துச் சூடேற்றிக்கொண்டு, வெயில் எட்டிப் பார்த்த பிறகு கிளம்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. மூட்டுவலிக்காரர்கள் படியில் ஏறிவிட்டு வண்டியில் இறங்கலாம். அதற்குத்தான் அந்தத் தார் ரோடு என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

திருத்தணிக்கே திரும்புவோம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் பலரும் நடத்திய எல்லைப் போராட்டம் தனியாக எழுத வேண்டிய சரித்திரம். படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. அதாவது, 1959 டிசம்பர் 31-ன் படிகள் ஆந்திராவில் இருந்தன. அடுத்த டிசம்பர் 31-க்கு அதே படிகள் இந்தப் பக்கம்! எண்ணிக்கை மட்டும் மாறவில்லை, 365. ஏறுகிறவர்களும் மாறவில்லை. இன்றைக்கும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கோஷ்டிகள் வருகின்றன. தெலுங்குக்காரர் வாயில் அருணகிரியின் வல்லினம் கொஞ்சம் குழைந்து வரும். அதுவும் ஒரு அழகுதான்.

வள்ளிமலை சுவாமிகள் 1950 நவம்பரில் சமாதியானார். அதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது. எந்தத் துரைகளின் வாசலிலிருந்து ஜனங்களைத் திருப்புவதற்காக அவர் இந்த விழாவைத் தொடங்கினாரோ, அந்தத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பங்களா வாசலில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ராவ்பகதூர் பட்டமும் ஒழிந்தது. கணக்குப்படி பார்த்தால், விழாவுக்கும் அப்போதே வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த டிசம்பர் 31 அன்று திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். மஞ்சள் பொடிப் பொட்டலமும் கற்பூர டப்பாவும் கையில் வைத்துக்கொண்டு, காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, ஜனம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.